பணிவா இருக்கிறது எப்படி, எங்க நிறுத்திக்கிறது எப்படி

அப்ரைசல் ஃபார்ம் வந்தா "இந்த வருஷம் நீங்க செஞ்சது என்ன"ன்னு இருக்கிற கட்டத்துல ஒரு வரி எழுத கை வராதவங்களுக்கும், "உனக்கு தலைக்கனம் ஜாஸ்தி"ன்னு யாராவது சொல்லிட்டா ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுக்கிறவங்களுக்கும் தான் இத எழுதுறேன். ரெண்டும் ஒரே ஆளாவும் இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்காங்க.

பணிவு எப்பவும் நல்லது, எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதுன்னு தான் நமக்கு சின்ன வயசுலேந்து சொல்லி வளர்த்திருக்காங்க. எனக்கு அதுல பாதி தான் சம்மதம். பணிவு நல்ல குணமா இல்லையான்னு மொத்தமா கேட்டா பதிலே கிடையாது, ரெண்டு கேள்வியா பிரிச்சு கேட்கணும். நீங்க உங்களப் பத்தி சொல்றது உண்மையா? அந்த பணிவு மேல இருக்கிறவன் பக்கம் போகுதா, கீழ இருக்கிறவன் பக்கமும் போகுதா? உண்மையா இருந்து, உங்களுக்கு ஒண்ணும் குடுக்க முடியாதவங்ககிட்டயும் அதே மாதிரி நடந்துக்கிட்டீங்கன்னா அது குணம். பொய்யா இருந்து, மேல இருக்கிறவன் பக்கம் மட்டும் போச்சுன்னா அது பயம், இல்லன்னா பிழைப்பு. பிழைப்புக்காக குனியறத நான் திட்ட வரல, வீட்டு லோன் எல்லாருக்கும் தான் இருக்கு. ஆனா அதுக்கு நல்ல குணம்னு பேர் வச்சு பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்காதீங்க, அவ்வளவு தான்.

முதல்ல உங்க வாயை ஒரு வாரம் கவனிங்க

எதையும் மாத்த வேண்டாம், சும்மா கவனிங்க. "ஐயோ நான் என்னங்க பண்ணேன்", "ஏதோ உங்க ஆசீர்வாதம்", "எனக்கு அவ்வளவா தெரியாது சார்" இதெல்லாம் யார்கிட்ட சொல்றீங்க, சொன்னதும் என்ன நடக்குதுன்னு போன்ல ஒரு வரி போட்டு வைங்க. வாரக் கடைசில பார்த்தீங்கன்னா அதுல நாலஞ்சு விதம் கலந்து கிடக்கும்.

சிலது வெறும் மரியாதை. சொந்தக்காரங்கள வீட்டுக்குக் கூப்பிடும்போது "நம்ம சின்ன வீட்டுக்கு ஒரு தடவ வந்துட்டுப் போங்க"ன்னு சொல்றது, வீடு மூணு மாடியா இருந்தாலும். கேக்குறவங்களுக்கும் தெரியும், யாரும் ஏமாறல, இத அப்படியே விட்டுடுங்க. சிலது தூண்டில். "எனக்கு இந்த அவார்டுக்கு தகுதியே இல்ல"ன்னு ஒரு போஸ்ட் போட்டு, கீழ யார் யார் வந்து "இல்ல சார் உங்களுக்கு இல்லாத தகுதியா"ன்னு எழுதுறாங்கன்னு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ பாக்குறது. இதுக்கு நேரா "அவார்டு கிடைச்சுது, சந்தோஷமா இருக்கு"ன்னு போடுறவன் ஆயிரம் மடங்கு தேவலாம். சிலது பொறுப்புலேந்து நழுவுறது, "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க"ன்னு சொல்லிட்டா வேலை பக்கத்து டேபிளுக்குப் போயிடும் இல்லையா, அது. பாக்கி இருக்கிறதுல பெரும்பங்கு பயம்.

எது எதுன்னு கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. நீங்க சொன்னத எதிராளி அப்படியே ஒத்துக்கிட்டா உங்களுக்கு என்ன ஆகுதுன்னு பாருங்க. "எனக்கு அவ்வளவா எழுத வராது"ன்னு நீங்க சொல்றீங்க, அவரு "ஆமாங்க, கொஞ்சம் சுமார் தான்"னு சொல்லிடுறாரு. சுருக்குன்னு கோவம் வந்தா நீங்க சொன்னது உங்களுக்கே நம்பிக்கை இல்லாத விஷயம்.

இந்த சண்டை ரொம்ப பழசு, சீக்கிரமா பார்த்துட்டு போயிடலாம்

அரிஸ்டாட்டில் தன்னோட தகுதிய விட கம்மியா தன்னை நினைச்சுக்கிறவன குறை உள்ளவன்னு தான் சொன்னாரு, அதுவும் வீண்பெருமைய விட இது தான் பரவலாவும் மோசமாவும் இருக்குன்னு. ஸ்காட்லாந்து தத்துவவாதி ஹியூம் 1751-ல எழுதினப்ப பட்டினி, தவம், தனிமை, மௌனம் இதுங்களோட பணிவையும் சேர்த்து சாமியார் மடத்து குணங்கள்னு ஒரே வரிசையில போட்டு, இதால உலகத்துல யாருக்கு என்ன பிரயோஜனம்னு கேட்டாரு. சாக்ரடீஸ் விஷயம் இன்னும் வேடிக்கை. தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்ச மனுஷன், குற்றவாளின்னு தீர்ப்பு வந்து "உனக்கு என்ன தண்டனை குடுக்கலாம், நீயே சொல்லு"ன்னு கோர்ட்ல கேட்டப்ப, ஒலிம்பிக்ல ஜெயிச்சவனுக்கு போடுற மாதிரி எனக்கும் அரசாங்க செலவுல சாப்பாடு போடுங்கன்னாரு. தெரியாததத் தெரியாதுன்னு சொல்றதும், தன்னால ஊருக்கு நல்லது நடந்திருக்குன்னு சொல்றதும் அவருக்கு முட்டிக்கல.

1989-ல ஜூலியா டிரைவர்னு ஒரு அமெரிக்க தத்துவப் பேராசிரியர் வேற ஒரு குண்டு போட்டாங்க. உண்மையிலேயே தன்னடக்கம் உள்ளவனுக்கு தன்னோட மதிப்பு முழுசா தெரிஞ்சிருக்காது, கொஞ்சம் குறைச்சுத் தான் தெரிஞ்சிருக்கும், தெரிஞ்சுட்டு குறைச்சுச் சொன்னா அது நடிப்பு ஆயிடும்னு. புத்திசாலித்தனமான வாதம் தான், ஆனா இது சரின்னா "பணிவா இருப்பது எப்படி"ன்னு ஒருத்தனும் எதையும் எழுத முடியாது, தெரியாம இருக்கிறத எப்படிங்க பழகிக்கிறது. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. தன் அளவு நல்லாத் தெரிஞ்சும் அலட்டிக்காம இருக்க முடியும், அதுக்கு ஆள் காட்டுறேன்.

உங்களப் பத்தி எழுதணும்னா ராமானுஜன் எழுதின மாதிரி எழுதுங்க

1913 ஜனவரி 16. மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்ல கிளார்க்கா இருந்த ராமானுஜன் கேம்பிரிட்ஜ்ல இருக்கிற கணக்கு மேதை ஹார்டிக்கு ஒரு லெட்டர் போடுறாரு. எடுத்த எடுப்புல நான் அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்ட்ல ஒரு கிளார்க், வருஷத்துக்கு 20 பவுண்டு மட்டும் தான் சம்பளம்னு சொல்லிடுறாரு. யூனிவர்சிட்டி படிப்பு இல்ல, ஸ்கூல் படிப்பு தான்னும் சொல்றாரு. இது வரைக்கும் படிச்சா நம்ம ஊர்ல தாசில்தாருக்கு எழுதுற மனு மாதிரியே தான் இருக்கும். அடுத்து தான் விஷயமே இருக்கு. எல்லாரும் போற பாதையில நான் போகல, எனக்குன்னு புதுசா ஒரு பாதை போட்டுக்கிட்டு இருக்கேன்னு எழுதுறாரு. டைவர்ஜெண்ட் சீரிஸ்ல (கூட்டிக்கிட்டே போனா ஒரு எண்ணுல வந்து நிக்காத தொடர்) எனக்குக் கிடைச்ச ரிசல்ட்ட பார்த்து இங்க உள்ள கணக்கு தெரிஞ்சவங்க திகைக்கிறாங்கன்னு எழுதுறாரு. அதோட விடல, நீங்க போட்ட சின்ன புஸ்தகத்துல 36-ம் பக்கத்துல, ஒரு எண்ணுக்குக் கீழ எத்தனை பகா எண் இருக்குன்னு சொல்ற திட்டமான ஃபார்முலா இன்னும் யாரும் கண்டுபிடிக்கலன்னு போட்டிருக்கீங்க, நான் கண்டுபிடிச்சிருக்கேன், அதுல வர்ற பிழை பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு தான்னு நேரா ஹார்டிகிட்டயே சொல்றாரு. கூட தேற்றங்களா பக்கம் பக்கமா வச்சு அனுப்புறாரு. கடைசில நான் ஏழை, இதுல ஏதாவது மதிப்பு இருக்குன்னு உங்களுக்குப் பட்டா இத பிரசுரிக்கணும், எனக்கு அனுபவம் இல்ல, நீங்க சொல்ற யோசனைய பெருசா மதிப்பேன், சிரமம் குடுக்கிறதுக்கு மன்னிக்கணும்னு முடிக்கிறாரு.

இந்த லெட்டர்ல எத தாழ்த்தியிருக்காரு எத தாழ்த்தலன்னு பென்சில் வச்சு கோடு போட்டுப் பாருங்க. சம்பளம், படிப்பு, அனுபவம் இதெல்லாம் இருக்கிற மாதிரியே சொல்லியிருக்காரு, மறைக்கவும் இல்ல, அதுக்காக அழவும் இல்ல. வேலைய ஒரு அங்குலம் கூட குறைக்கல. "ஏதோ பொழுதுபோகாம கிறுக்கி வச்சேன், நேரம் இருந்தா பாருங்க"ன்னு எழுதியிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிங்க. ஹார்டிக்கு முன்னாடி பேக்கர், ஹாப்சன்னு ரெண்டு கேம்பிரிட்ஜ் பெரிய ஆளுங்களுக்கு எழுதி பிரயோஜனம் இல்லாம போயிருந்துது, இதுவும் அப்படியே குப்பைக் கூடைக்குப் போயிருக்கும். ஹார்டி பக்கத்தப் பிரிச்சு பார்த்துட்டு, இதுல சிலது என்னை முழுசா தோற்கடிச்சிடுச்சு, இதெல்லாம் உண்மையாத் தான் இருக்கணும், பொய்யா இருந்தா இத கற்பனை பண்ற அளவு மூளை எவனுக்கும் இருக்காதுன்னு பின்னாடி சொன்னாரு.

இதுல இன்னொண்ணும் இருக்கு, நம்ம ஊர்ல ராமானுஜன் கதை சொல்லும்போது இத தாண்டி போயிடுவாங்க. அந்த பகா எண் சமாச்சாரம் தப்பு. பிழை பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு எல்லாம் இல்ல. நிரூபணம் எங்கன்னு ஹார்டி கேட்டாரு, போகப் போக அது தப்புன்னு தெரிஞ்சுது. அதுக்காக அவரு அடுத்த லெட்டர்லேந்து குரலக் குறைச்சுக்கல. பிப்ரவரி 27-ம் தேதி எழுதினதுல நான் ஏற்கெனவே பாதி பட்டினி கிடக்கிற ஆளு, மூளைய காப்பாத்திக்க சாப்பாடு வேணும், நீங்க அனுதாபமா ஒரு லெட்டர் எழுதினா எனக்கு இங்க ஸ்காலர்ஷிப் வாங்க உதவியா இருக்கும்னு என்ன வேணுமோ அத வாய் விட்டு கேட்டாரு. அந்த வருஷமே மெட்ராஸ் யூனிவர்சிட்டி மாசம் 75 ரூபா குடுத்துது, 1914-ல கப்பல் ஏறினாரு, 1918-ல இங்கிலாந்து விஞ்ஞானிங்க சங்கமான ராயல் சொசைட்டில ஃபெலோ.

அதுனால நீங்க எழுதும்போதும் மூணு விஷயம் தான். உங்க நிலைமைய இருக்கிற மாதிரி சொல்லுங்க, செஞ்சத செஞ்ச அளவுக்கு சொல்லுங்க, வேணுங்கிறத கேளுங்க. அப்ரைசல்ல "டீம் எல்லாரும் சேர்ந்து நல்லா பண்ணோம்"னு எழுதினா படிக்கிறவருக்கு உங்க பேர் கூட ஞாபகம் இருக்காது. "ஏப்ரல்லேந்து ஜிஎஸ்டி ரிட்டர்ன் பூரா நான் பார்த்தேன், எனக்கு முன்னாடி லேட் ஃபீஸ் கட்டிக்கிட்டு இருந்தோம், இந்த வருஷம் ஒரு மாசம் கூட கட்டல, வெண்டர் பில் மேட்ச் பண்றதுல செல்வி அக்கா தான் பாதி வேலை பார்த்தாங்க, எக்செல்ல பெரிய ஃபைல் வந்தா எனக்கு இன்னும் தடுமாறுது, ஒரு டிரெயினிங் வேணும், சம்பளம் இந்த அளவுக்கு ஏத்தித் தரணும்"னு எழுதுங்க. இதுல ஒரு இடத்துலயும் அலட்டல் இல்ல. செல்வி அக்கா பேர் வந்துடுச்சு, தெரியாதது வந்துடுச்சு, தெரிஞ்சதும் வந்துடுச்சு.

எழுதி முடிச்சதும் "சும்மா", "ஏதோ", "சின்னதா", "என்னால முடிஞ்ச அளவுக்கு" இந்த நாலையும் தேடிப் பிடிச்சு அழிச்சிடுங்க. அதே மாதிரி "மிகச்சிறந்த", "இணையற்ற" மாதிரி ஏதாவது உள்ள நுழைஞ்சிருந்தா அதையும்.

சரி, ஹார்டிக்கு வருவோம். 1940-ல அவரு எழுதின கட்டுரையில "பணிவான ஆளுங்களால நல்ல வேலை நடக்கிறதில்ல"ன்னே எழுதியிருக்காரு, ஒரு பேராசிரியர் தன் சப்ஜெக்டோட முக்கியத்துவத்தையும் அதுல தன் முக்கியத்துவத்தையும் கொஞ்சம் கூட்டித் தான் சொல்லணும்னு வேற. சரியான திமிர் பிடிச்ச ஆளுன்னு தோணுதா? அதே மனுஷன் கணக்கு மேதைங்களுக்கு நூத்துக்கு மார்க் போட்டாருன்னு எர்டிஷ்ங்கிற ஹங்கேரி கணக்கு மேதை மூலமா வந்த செய்தி ஒண்ணு இருக்கு. ராமானுஜனுக்கு 100, ஜெர்மன் கணக்கு மேதை ஹில்பர்ட்டுக்கு 80, கூட வேலை பார்த்த லிட்டில்வுட்டுக்கு 30, தனக்கு 25. இவரு தான் நான் மேல காட்டுறேன்னு சொன்ன ஆளு. தன் மார்க் தெரியும், கூச்சமில்லாம சொல்லவும் தெரியும், சம்பளம் 20 பவுண்டு வாங்குற கிளார்க்குக்கு தன்ன விட நாலு மடங்கு போடவும் தெரியும்.

இதுக்கு நேர் எதிர் கேஸ் நியூட்டன். ராட்சசங்க தோள் மேல நின்னதால தான் நான் கொஞ்சம் தூரம் பார்த்தேன்னு 1676-ல ஹூக்ங்கிற இன்னொரு விஞ்ஞானிக்கு எழுதினது அவரு தான், அந்த வரிய போடாத ஸ்கூல் சுவரே கிடையாது. கால்குலஸ்ங்கிற கணக்கு முறைய யார் முதல்ல கண்டுபிடிச்சதுன்னு ஜெர்மன் அறிஞர் லைப்னிட்ஸோட தகராறு வந்தப்ப, 1712-ல ராயல் சொசைட்டி ஒரு கமிட்டி போட்டு விசாரிச்சுது. சொசைட்டிக்கு தலைவர் நியூட்டன், கமிட்டி ரிப்போர்ட்டையும் பெரும்பாலும் எழுதினது நியூட்டன், தீர்ப்பு யார் பக்கம் வந்திருக்கும்னு நான் சொல்லணுமா.

பாராட்டினா என்ன சொல்றது

"தேங்க்ஸ், ராத்திரி உக்காந்து செஞ்சது, நீங்க கவனிச்சது சந்தோஷம்." அவ்வளவு தான். சாம்பார் நல்லா இருக்குன்னு ஒருத்தர் சொன்னா "ஐயோ இன்னிக்கு புளி தூக்கல், உங்களுக்குத் தெரியலையா"ன்னு சொல்றது அவங்க நாக்க குறை சொல்ற மாதிரி. கூட செஞ்சவங்க இருந்தா பேர் சொல்லுங்க, இல்லாத ஆள உண்டாக்கி பேர் சொல்லாதீங்க.

மேல இருக்கிறவர் தப்பு பண்றாருன்னு தெரிஞ்சா

பணிவு ஆளக் கொல்ற இடம் இது. 1977 மார்ச் 27, ஸ்பெயினுக்கு சொந்தமான டெனெரிஃப் தீவு ஏர்போர்ட், கடும் பனிமூட்டம். நெதர்லாந்தோட கேஎல்எம் கம்பெனி விமானத்தோட கேப்டன் அந்த கம்பெனியோட பெரிய தலைகள்ல ஒருத்தர், 747 விமானம் ஓட்ட மத்தவங்களுக்கு டிரெயினிங் குடுக்கிறவரே அவரு தான், கம்பெனி விளம்பரத்துல அவரு போட்டோ தான் வரும். கண்ட்ரோல் டவர் கிளியரன்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடியே அவரு கிளப்பிட்டாரு. அதே ரன்வேயில அமெரிக்க கம்பெனி பான் அம்மோட விமானம் இன்னும் வெளிய போகாம ஊர்ந்துக்கிட்டு இருக்கு. ரேடியோல அரைகுறையா கேட்டத வச்சு ஃப்ளைட் இன்ஜினியர் கேக்குறாரு, "அந்த பான் அம் விலகலையா?" கேப்டன் அடிச்சு சொல்றாரு, "விலகிட்டான்." அதுக்கப்புறம் இன்ஜினியர் வாயத் திறக்கல. 583 பேர் செத்தாங்க, விமான சரித்திரத்துல இன்னிக்கு வரைக்கும் அத மிஞ்சின விபத்து இல்ல.

இன்ஜினியர் பேசினாரு, அத ஒத்துக்கணும். ஆனா கேள்வியா பேசினாரு. "நிறுத்துங்க"ன்னு சொல்லல. நாம எல்லாருமே அப்படித்தான், பெரியவங்க தப்பு பண்ணா அவங்களுக்கே தோணின மாதிரி இருக்கட்டும்னு கேள்வியா மாத்திக் கேப்போம், அவங்க "அதெல்லாம் சரியா இருக்கும்"னு ஒரு வார்த்தை சொன்னா கடமை முடிஞ்சுதுன்னு உக்காந்துடுவோம். இந்த மாதிரி விபத்துங்களுக்கு அப்புறம் 1979-ல நாசா ஒரு பயிலரங்கம் நடத்தி, ஏர்லைன்காரங்க பைலட்டுங்களுக்கு இதுக்குன்னே டிரெயினிங் ஆரம்பிச்சாங்க. ஜூனியருக்கு எதிர்த்துப் பேசவும், கேப்டனுக்கு காது குடுக்கவும். அதுல சொல்லிக் குடுக்கிற பேச்சு முறை எந்த வேலைக்கும் பொருந்தும், கட்டட சைட்டுல வச்சு காட்டுறேன்.

மாடி காங்கிரீட் போடுற நாள், மிக்ஸர் ஓட ஆரம்பிச்சாச்சு. டிப்ளமோ முடிச்சு புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன் காங்கிரீட்ட தாங்குற சென்ட்ரிங்குக்கு கீழ போய் பாக்குறான், வடக்கு ஓரத்துல மூணு முட்டு நேரா மண்ணு மேல நிக்குது, அடியில பலகை இல்ல, நேத்து மழை வேற. சீனியர் இன்ஜினியர்கிட்ட போய் "சார், அந்த முட்டெல்லாம் ஓகே தானே?"ன்னு கேட்டான்னா பதில் "மேஸ்திரி பார்த்திருப்பாருப்பா"ன்னு தான் வரும். அதுக்கு பதிலா,

"சங்கர் சார், ஒரு நிமிஷம். எனக்கு பயமா இருக்கு. வடக்கு ஓரத்துல மூணு முட்டுக்கு அடியில பலகை இல்ல, மண்ணு ஈரமா இருக்கு, காங்கிரீட் ஏத்தினா இறங்கிடும். பலகை வச்சு டைட் பண்ணிட்டு ஆரம்பிக்கலாம் சார், அரை மணி நேரம் தான் ஆகும். சரிங்களா சார்?"

பேர் சொல்லி கூப்பிட்டாச்சு, தன் கவலைய சொல்லியாச்சு, என்ன பிரச்சனைன்னு சொல்லியாச்சு, என்ன பண்ணலாம்னு சொல்லியாச்சு, கடைசில ஆமா இல்லன்னு ஒரு பதில் வாங்குற மாதிரி கேட்டாச்சு. எத்தனை "சார்" இருக்குன்னு எண்ணிப் பாருங்க, மரியாதைக்கு ஒரு குறையும் இல்ல. "சும்மா இருடா"ன்னு பதில் வந்தா இன்னொரு தடவ சொல்லணும், கொஞ்சம் சத்தமா, மேஸ்திரி காதுல விழற மாதிரி. அதுக்கும் கேக்கலன்னா மிக்ஸர நிறுத்தச் சொல்லிட்டு ஓனருக்கு போன் போடணும், வேலை போனா போகுது, கீழ ஆளுங்க நிக்கிறாங்க.

கீழ இருக்கிறவங்ககிட்ட

எனக்கு தெரிஞ்சு இதுல வள்ளுவர் அளவுக்கு கறாரா யாரும் சொல்லல. "பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய சுருக்கத்து வேண்டும் உயர்வு", 963-வது குறள். வசதி பெருகினப்ப பணி, சுருங்கிப் போனப்ப நிமிர்ந்து நில்லு. எல்லாரும் எப்பவும் குனின்னு சொல்லல பாருங்க. ஆனா ஊர்ல நடக்கிறது தலைகீழ். வாட்ச்மேன் எழுந்து நின்னு சல்யூட் அடிக்கணும், கார்ல போறவரு கண்ணாடிய கூட இறக்க மாட்டாரு, கேட்டா "அந்த ஆள் ரொம்ப பணிவானவரு"ன்னு வாட்ச்மேனுக்கு சர்டிபிகேட் வேற.

புறநானூறுல இது ரெண்டும் ஆளா நடந்து வருது. 50-வது பாட்டுல மோசிகீரனார் அசதியில முரசு வைக்கிற கட்டில்ல ஏறி தூங்கிடுறாரு, அது மேல யார் ஏறினாலும் வெட்டிப் போடலாம். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வந்து பாக்குறான், வாள எடுக்கல, விசிறி எடுத்து புலவருக்கு வீசுறான். 206-வது பாட்டுல ஔவையாரு, அதியமான் வாசல்ல பரிசில் தராம காக்க வச்சப்ப, வாயில்காவலனே, உங்க ராசாவுக்கு தன் தரமும் தெரியலையா என் தரமும் தெரியலையான்னு கேட்டுட்டு, "எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே"ன்னு மூட்டைய கட்டுறாங்க. கையில ஒண்ணும் இல்லாத பொம்பள, அடுத்த வேளை சாப்பாட்டுக்கு இன்னொரு வாசல் பாக்கணும், ஆனா என்ன நிமிர்வு. இத ஸ்கூல்ல பணிவு பாடத்துக்கு பக்கத்துல வைக்கணும்ங்கிறது என் ஆசை.

ஏன்னா பணிவுங்கிற பேர்ல இந்த மண்ணுல பண்ணினது கொஞ்சநஞ்சம் இல்ல. தோள்ல போட்ட துண்ட எடுத்து இடுப்புல கட்டணும், தெருவுக்குள்ள நுழையும்போது செருப்ப கழட்டி கையில புடிக்கணும், இதெல்லாம் "மரியாதை" கணக்குல தான் வந்துது. திருவிதாங்கூர்ல நாடார் பொண்ணுங்க மேல்சாதிக்காரங்க முன்னாடி மார்ப மறைக்கக் கூடாதுங்கிறதும் மரியாதைன்னு தான் சொன்னாங்க, தோள்சீலை போராட்டம்னு பல வருஷம் அடிபட்டு உதைபட்டு 1859-ல தான் மறைச்சுக்கலாம்னு ராஜா உத்தரவு வந்துது, அப்பவும் மேல்சாதி பொண்ணுங்க கட்டுற மாதிரி கட்டக் கூடாதுன்னு ஒரு நிபந்தனையோட. 1925-ல பெரியார் ஆரம்பிச்ச இயக்கத்துக்கு சுயமரியாதைன்னு பேர் வச்சதுக்குக் காரணம் இதுல இருக்கு. அதனால ஒருத்தன் உங்ககிட்ட "இப்பல்லாம் இவனுங்களுக்கு பணிவே இல்லப்பா"ன்னு புலம்பினா, யாருக்கு, எந்த விஷயத்துலன்னு கேளுங்க. பத்துல எட்டு தடவ பேச்சு அங்கயே நின்னுடும்.

உங்களுக்குக் கீழ நாலு பேர் வேலை பார்த்தா செய்ய வேண்டியது இது. மீட்டிங்ல கடைசியா பேசுங்க. நீங்க முதல்ல கருத்து சொல்லிட்டா மத்தவங்க அதுக்கு ஆமா போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. தெரியாதத "எனக்கு இது தெரியல, யாருக்கு தெரியும்?"னு ஜூனியர் முன்னாடியே கேளுங்க, வானம் இடிஞ்சு விழாது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல கொண்டு வந்த ஆபரேஷன் செக்லிஸ்ட்ல ஒரு அருமையான ஐட்டம் இருக்கு, கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி தியேட்டர்ல இருக்கிற ஒவ்வொருத்தரும் தன் பேரையும் தன் வேலையையும் வாய் விட்டு சொல்லணும், சீஃப் சர்ஜன் உட்பட. ஒரு தடவ பேர் சொல்லி வாயத் திறந்துட்டா, அப்புறம் தப்பு நடக்கும்போது அந்த நர்ஸுக்கு திரும்ப வாயத் திறக்க அவ்வளவு கஷ்டமா இருக்காது. உங்க ஆபீஸ்ல ஹவுஸ்கீப்பிங் அக்கா பேர் என்னன்னு இப்ப யோசிங்க. தெரியலன்னா நாளைக்கு கேளுங்க, "ஏம்மா"ன்னு கூப்பிடுறத விடுங்க.

தப்புன்னு ஜூனியர் சுட்டிக்காட்டினா, முதல் பத்து செகண்ட் விளக்கம் குடுக்காம இருக்கப் பழகுங்க. இது தான் எல்லாத்துலயும் கஷ்டம், மத்ததெல்லாம் பழகிடலாம். "எங்க, காட்டு"ன்னு மட்டும் சொல்லுங்க. அவன் சொன்னது சரின்னா சரின்னு அதே கூட்டத்துல சொல்லுங்க, தனியா ரூமுக்குக் கூப்பிட்டு சொல்றது கணக்குல சேராது.

தலைக்கனம்னு சொல்லிட்டாங்க, இப்ப என்ன பண்றது

மேல சொன்னதுல பாதி செஞ்சாலே இது வரும், பொண்ணுங்களா இருந்தா இன்னும் சீக்கிரமா வரும். "அடக்க ஒடுக்கமா" வளர்ந்த பொண்ணு "இத நான் தான் செஞ்சேன்"னு சொன்னா முதல்ல ரூம்ல ஒரு சத்தமும் இருக்காது. அதே வரிய பக்கத்துல ஒரு பையன் சொன்னா "கான்ஃபிடண்ட்டா இருக்கான்". இந்த வித்தியாசத்த உங்க குணத்தோட குறையா எடுத்துக்காதீங்க.

சொன்னவரு யாருன்னு பாருங்க. உங்களுக்குக் கீழ இருக்கிறவங்க, டீ கொண்டு வர்ற தம்பி, புதுசா சேர்ந்த பொண்ணு இவங்க சைடுலேந்து வந்தா சீரியஸா எடுத்துக்கோங்க, ஏன்னா அவங்க இத சொல்ல ரிஸ்க் எடுத்திருக்காங்க. மேலேந்து வந்தா நிதானமா ஒரு கேள்வி கேளுங்க, "எந்த எடத்துல அப்படி தெரிஞ்சுது சார், சொன்னீங்கன்னா மாத்திக்கிறேன்." கிண்டலா கேக்காதீங்க, நிஜமாவே தெரிஞ்சுக்கிற மாதிரி கேளுங்க. "போன செவ்வாக்கிழமை ரமேஷ் பேசிக்கிட்டு இருக்கும்போது நடுவுல வெட்டிட்ட"ன்னு ஒரு சம்பவம் வந்தா, அவரு சொல்றது சரி, ரமேஷ்கிட்ட போய் சாரி சொல்லிட்டு அடுத்த மீட்டிங்ல அவர பேச விடுங்க. சம்பவம் ஒண்ணும் வராம "இல்லப்பா, பொதுவா சொன்னேன்"னு வந்தா, சரி சார்னு சொல்லிட்டு வந்து, அப்ரைசல்ல எழுதினத ஒரு வரி கூட மாத்தாம சப்மிட் பண்ணுங்க.